மார்மன்களும் மற்றக் கிறிஸ்தவர்களும்: நம்பிக்கை எங்கே பிரிகிறது, ஓட்டு எங்கே போகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில், அதிலும் யூட்டா, அரிசோனா மாநிலங்களைப் பற்றிய பேச்சு வந்தால், ‘மார்மன் வாக்காளர்கள்’ என்று கண்ணில் படும். அவர்கள் யார், மற்றக் கிறிஸ்தவர்களோடு அவர்களுக்கு என்ன தகராறு, அந்தத் தகராறு ஓட்டுப்பெட்டி வரைக்கும் போகிறதா என்று வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. ‘மார்மன்’ என்று அழைக்க வேண்டாம் என்று 2018 முதல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டு வருகிறது. முழுப்பெயரை வரிக்கு வரி எழுதினால் படிப்பவர் ஓடிவிடுவார். அதனால் பழகிய பெயரையே வைத்துக்கொள்கிறேன்; அவமதிக்கும் எண்ணம் இல்லை.

மார்மன்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அவர்களையே கேட்டால், “சபைப் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறாரே” என்பார்கள். இயேசு தேவனுடைய குமாரன், சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், அவராலேதான் இரட்சிப்பு. இவற்றில் எதையும் அவர்கள் மறுப்பதில்லை.

மற்றச் சபைகளைக் கேட்டால் பதில் வேறு. புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றின் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்ளும் கத்தோலிக்கத் திருச்சபை, மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் அறிவித்தது. அமெரிக்காவின் ஐக்கிய மெத்தடிஸ்ட் சபை அதற்கு முந்தைய ஆண்டே இதே முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த மரியாதை இரண்டு பக்கமும் உண்டு. மார்மன் சபையும் வேறெந்தச் சபையின் ஞானஸ்நானத்தையும் ஏற்காது. கத்தோலிக்கரோ பாப்டிஸ்டோ, அங்கே சேர்ந்தால் மறுபடி முழுக வேண்டும்.

கிறிஸ்துவைப் பின்பற்றுபவர்களா என்று கேட்டால் ஆம், நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஏற்றவர்களா என்று கேட்டால் இல்லை என்பேன். எந்த அளவுகோல் செல்லும் என்பதுதான் சண்டை.

அப்படியென்றால் பெரிய வேறுபாடு எது?

திரித்துவம். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், பிதாவும் குமாரனும் ஒரே சாரம் என்று வரையறுத்தார்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், பாப்டிஸ்ட் என்று தங்களுக்குள் எத்தனை பங்காளிச் சண்டை இருந்தாலும் இந்த ஒன்றில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். மார்மன்கள் சேர்வதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில்தான் ஒன்று. பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான உடல் உண்டு என்று அவர்களுடைய வேதநூல் ஒன்றிலேயே எழுதியிருக்கிறது.

இதன் வேர் 1820-இல் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். ஊரில் ஆளாளுக்கு எழுப்புதல் கூட்டம் நடத்தித் தங்கள் சபைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எதில் சேர்வது என்று குழம்பிய 14 வயதுப் பையன் ஜோசப் ஸ்மித், தோப்புக்குள் போய் ஜெபித்தான். பிதாவும் குமாரனும் இரண்டு தனி ஆட்களாகத் தோன்றி, எந்தச் சபையிலும் சேராதே, எல்லாமே தவறு என்று சொன்னார்கள் என்பது அவர் பின்னாளில் எழுதிவைத்தது. அப்போஸ்தலர்கள் காலத்துக்குப் பிறகு சபை வழிதவறிப் போனது, தேவ அதிகாரம் பூமியிலிருந்து எடுபட்டது, அது 1830 ஏப்ரல் 6-இல் மீண்டும் நிறுவப்பட்டது என்பது இதன் தொடர்ச்சி.

மற்றக் கிறிஸ்தவர் காதில் இது எப்படி விழும்? “உங்கள் முன்னோர் இத்தனை நூற்றாண்டு கட்டிக்காத்த சபை செல்லாது” என்று விழும். கோபம் வராமல் இருக்குமா?

வேதாகமத்தோடு இன்னொரு புத்தகம் வைத்திருக்கிறார்களாமே?

இன்னும் மூன்று. முதலாவது மார்மன் புத்தகம். மோரோனி என்ற தூதன் காட்டிய இடத்தில் தங்கத் தகடுகளைத் தோண்டி எடுத்துத் தேவ வல்லமையால் மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்னார். 1830-இல் பால்மைராவிலேயே அச்சானது. கி.மு. 600 வாக்கில் எருசலேமிலிருந்து கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் வம்சக் கதை. உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் வந்து போதித்தார் என்பது அதன் உச்சம். இது போக ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’, ‘விலையுயர்ந்த முத்து’ என்று இரண்டு.

வேதாகமம் மட்டுமே ஆதாரம் என்று நிற்கும் இவாஞ்சலிக்கல் சபையினருக்கு இதுதான் பெரிய இடறல். கலாத்தியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து காட்டுவார்கள்: வானத்திலிருந்து ஒரு தூதனே வந்து வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்காதே என்று பவுல் எச்சரித்த இடம். தூதன் காட்டிய புத்தகம் என்று சொல்பவர்களிடம் இதைவிடக் கூர்மையான வசனம் கிடைக்காது.

புத்தகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வெளிப்பாடு இன்னும் முடியவில்லை என்ற அவர்கள் நம்பிக்கை. சபைத் தலைவர் உயிரோடிருக்கும் தீர்க்கதரிசி. அவருக்குக் கீழே பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். 1890-இல் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் ஓர் அறிக்கை விட்டார், பலதார மணத்துக்கு முடிவு வந்தது. கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்த தடை 1978 ஜூனில் ஒரே அறிவிப்பில் நீங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவர் “வசதிக்கு ஏற்ற வெளிப்பாடு” என்பார்.

மனிதன் தேவனாக முடியும் என்பது உண்மையிலேயே அவர்கள் போதனையா?

ஆம், ஆனால் கேலிப்படங்களில் வருகிற மாதிரி ‘ஆளுக்கொரு கிரகம்’ என்று சபை போதிப்பதில்லை. பூமிக்கு வருமுன் எல்லா மனிதரும் பரலோகப் பிதாவின் ஆவிப் பிள்ளைகளாக வாழ்ந்தார்கள். உடல் எடுத்து, சோதிக்கப்பட்டு, திரும்பிப் போகிறார்கள். உண்மையாக இருந்தவர்கள் பிதாவைப்போல் ஆகலாம். தேவனும் ஒரு காலத்தில் மனிதனாக இருந்தவர் என்று ஸ்மித் தன் கடைசி ஆண்டில் பிரசங்கித்தார். இந்தப் பகுதியை இன்றைய சபைத் தலைவர்கள் அதிகம் பேசுவதில்லை.

படைத்தவர் வேறு, படைப்பு வேறு என்ற கோட்டை அழிப்பது மற்றக் கிறிஸ்தவர்களுக்குத் தாங்காது. பரலோகத்தில் மூன்று படிநிலை, ஆலயத்தில் நித்தியத்துக்கும் ‘முத்திரையிடப்படும்’ திருமணம் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை.

இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள், இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர் முழுகுவார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் விருப்பம். 1 கொரிந்தியர் 15:29-ஐ ஆதாரம் காட்டுவார்கள். வம்சாவளி ஆவணங்களைச் சேகரிப்பதில் உலகத்திலேயே முன்னணியில் இருப்பதற்கு இதுதான் காரணம். யூதப் படுகொலையில் இறந்தவர்கள் பெயரிலும் இதைச் செய்தது தெரிந்ததும் யூத அமைப்புகள் கொதித்தன. 1995-இல் அதை நிறுத்துவதாகச் சபை ஒப்புக்கொண்டது.

ஞாயிறு ஆராதனை எப்படி இருக்கும்?

உள்ளே போனால் சிலுவை இருக்காது. சம்பளம் வாங்கும் போதகர் இருக்கமாட்டார். பிஷப் என்று அழைக்கப்படுபவர் வாரநாட்களில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ வேலை பார்க்கும் ஒரு சபையார். சில ஆண்டுகள் ஊதியமில்லாமல் செய்துவிட்டு இன்னொருவரிடம் ஒப்படைப்பார். வெள்ளைத் துணி போர்த்திய மேசையில் ரொட்டியைப் பிட்டு ஜெபம் சொல்பவர்கள் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். ஜெபத்தில் ஒரு சொல் பிசகினாலும் பிஷப் சைகை காட்டுவார். முதலிலிருந்து சொல்ல வேண்டும். அடுத்து வருவது திராட்சரசம் இல்லை, சின்னச் சின்னக் கோப்பைகளில் தண்ணீர்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அதற்கான பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். வருமானத்தில் தசமபாகம் தனி. அதைக் கட்டாதவருக்கு ஆலயத்துக்குள் போக அனுமதிச்சீட்டு கிடைக்காது. (ஞாயிறு கூடும் சபைக்கூடம் யாருக்கும் திறந்திருக்கும், ஆலயம் வேறு.) பையன்கள் இரண்டு ஆண்டும் பெண்கள் பதினெட்டு மாதமும் மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போகிறார்கள். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், வாக்குக் கணக்கில் இது வரும்.

டீ, காபி கூடவா கூடாது?

கூடாது. மது, புகையிலையும்தான். 1833-இல் வந்த வெளிப்பாடு.

சரி, இந்தக் கோட்பாட்டுச் சண்டை எப்போதாவது ஒரு தேர்தலைப் பாதித்திருக்கிறதா?

தெளிவாகத் தெரிந்தது 2008-க்கான குடியரசுக் கட்சிப் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில். மார்மனான மாசச்சூசெட்ஸ் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னி அயோவாவில் பணத்தைக் கொட்டி உழைத்தார். எதிரே பாப்டிஸ்ட் போதகராக இருந்து ஆர்க்கன்சாஸ் ஆளுநரான மைக் ஹக்கபி. பத்திரிகைப் பேட்டி ஒன்றில், “இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்றுதானே மார்மன்கள் நம்புகிறார்கள்?” என்று ஹக்கபி அப்பாவியாகக் கேட்டுவைத்தார். எல்லாரும் பிதாவின் ஆவிப் பிள்ளைகள் என்றால் விழுந்துபோன லூசிபரும் அதில் அடக்கம் என்பதால், கேள்விக்கு ஒரு நூலளவு ஆதாரம் உண்டு. ஆனால் இயேசு தேவனுடைய ஒரேபேறான குமாரன், சாத்தானோடு ஒப்பிடவே கூடாதவர் என்பதும் அதே போதனை. பாதி உண்மையைக் கேள்வியாக வீசிவிட்டுப் பிறகு ஹக்கபி ராம்னியிடம் மன்னிப்புக் கேட்டார். சேதம் அதற்குள் நடந்துவிட்டது என்பது என் கணிப்பு.

2007 டிசம்பரில் டெக்சாஸில் ராம்னி மதத்தைப் பற்றி ஒரு பெரிய உரை நிகழ்த்தினார். 1960-இல் கத்தோலிக்கரான கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் பேசியதோடு எல்லாரும் ஒப்பிட்டார்கள். உரை முழுவதிலும் ‘மார்மன்’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்தது. கென்னடிக்கு வேலை சுலபம்: மதமும் அரசும் தனி என்றால் போதும். ராம்னிக்கோ மதத்துக்குப் பொதுவாழ்வில் இடம் வேண்டும் என்று சொல்லும் கூட்டத்திடம்தான் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. என் மதத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஜனவரி 3-இல் அயோவாவில் ஹக்கபி 34 விழுக்காடு, ராம்னி 25. அங்கே வந்த கட்சியினரில் பத்துக்கு ஆறு பேர் இவாஞ்சலிக்கல்.

ஆனால் 2012-இல் அதே ராம்னிக்கு இவாஞ்சலிக்கல்கள் ஓட்டுப் போட்டார்களே?

போட்டார்கள், அதுவும் மொத்தமாக. பிரைமரியில் முரண்டு பிடித்தது உண்மைதான். 2011 அக்டோபரில் டல்லஸ் பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், ராம்னிக்குப் போட்டியாக நின்ற டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியை ஆதரித்த கையோடு, மார்மனியம் ஒரு கள்ளச்சமயக் கூட்டம் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அயோவாவில் கத்தோலிக்கரான ரிக் சாண்டோரம் ராம்னியை 34 ஓட்டில் முந்தினார். விழுக்காடு இல்லை, 34 பேர்!

வேட்பாளராகி எதிரே ஒபாமா என்றானதும் காட்சி மாறியது. அதே ஜெஃப்ரஸ் ராம்னிக்கு ஓட்டு என்றார். அக்டோபரில் ராம்னி வட கரோலினாவுக்குப் போய் புகழ்பெற்ற இவாஞ்சலிக்கல் பிரசங்கியார், முதிய பில்லி கிரஹாமைப் பார்த்தார். சில நாட்களில் கிரஹாம் அமைப்பின் இணையதளத்திலிருந்த கள்ளச்சமயப் பட்டியலிலிருந்து மார்மனியம் காணாமல் போனது. வாக்குச்சாவடிக் கணிப்பில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 79 விழுக்காடு ராம்னிக்கு. 2004-இல் அவர்களில் ஒருவரான புஷ்ஷுக்குக் கிடைத்த அதே அளவு.

ஆகவே என் முடிவு இது. தன் கட்சிக்குள்ளேயே தேர்ந்தெடுக்க இன்னொருவர் இருக்கும் வரைதான் கோட்பாடு ஓட்டைத் திருப்பும். எதிர்க்கட்சி எதிரே நின்றால், நிசேயா பின்னால் போய் கருக்கலைப்பும் நீதிபதி நியமனமும் முன்னால் வந்துவிடும்.

மார்மன்கள் ஏன் இவ்வளவு உறுதியாகக் குடியரசுக் கட்சிப் பக்கம்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1856-இல் அந்தக் கட்சியின் முதல் தேசிய அறிக்கை, பலதார மணமும் அடிமைமுறையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்றது. பலதார மணத்தை மதச் சுதந்திரம் காப்பாற்றாது என்று 1879-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் சொத்தையே பறிமுதல் செய்ய வழிவிட்டது. அந்தக் காலத்து மார்மன்களுக்கு டெமாக்ரட்டுகளே (ஜனநாயகக் கட்சியினரே) தேவலை. யூட்டா மாநிலமாக வேண்டும் என்றால் தேசியக் கட்சி இரண்டிலும் ஆள் இருக்க வேண்டுமே என்று, சில ஊர்களில் சபைத் தலைவர்கள் நடுவில் நின்று, இந்தப் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் டெமாக்ரட், அந்தப் பக்கம் குடியரசுக் கட்சி என்று பிரித்துவிட்டதாக இன்றும் கதை சொல்வார்கள். 1896-இல் யூட்டா மாநிலமானது.

1903-இல் செனட்டுக்குத் தேர்வான ரீட் ஸ்மூட் பதவியில் இருக்கும் அப்போஸ்தலர். அவரை உட்காரவிடலாமா என்று விசாரணை 1907 வரை இழுத்தது. அவர் குடியரசுக் கட்சி. கட்சி அவரைக் காப்பாற்றியது. இன்றைய நெருக்கம் பெரும்பாலும் 1960, 70-களுக்குப் பிறகு வந்தது: குடும்பம், கருக்கலைப்பு, பெண்களுக்குச் சம உரிமை கேட்ட அரசியல் சட்டத் திருத்தம். அந்தத் திருத்தத்தைச் சபையே எதிர்த்தது.

அப்படியென்றால் 2016-இல் டிரம்ப்புக்கு ஏன் தயங்கினார்கள்?

வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 81 விழுக்காடு டிரம்ப்புக்குப் போட்ட தேர்தலில் மார்மன்களில் சுமார் 61 விழுக்காடுதான் போட்டார்கள். யூட்டா காகஸில் (கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில்) டிரம்ப் மூன்றாம் இடம். டெட் குரூஸ் 69 விழுக்காடு. பொதுத் தேர்தலில் யூட்டாவை டிரம்ப் வென்றாலும் 45 விழுக்காட்டுச் சொச்சம்தான். நான்காண்டுக்கு முன் ராம்னி வாங்கியது 73-க்குப் பக்கம். யூட்டாவில் பிறந்த மார்மன் சுயேச்சை இவான் மெக்மல்லினுக்கு ஐந்தில் ஒருவர் வாக்களித்தார்.

பேச்சும் நடத்தையும் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அதோடு நின்றால் பாதிக் கதைதான். 1838-இல் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்று எழுத்திலேயே ஆணை போட்டார். அது முறைப்படி ரத்தானது 1976-இல். 1844-இல் இல்லினாய் சிறையில் ஸ்மித்தைக் கும்பல் சுட்டுக் கொன்றது. அப்போது அவர் குடியரசுத் தலைவர் வேட்பாளர். 1847-இல் பிரிகாம் யங் மக்களை உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார், அப்போது அது மெக்சிகோ மண். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு மதத்தினர் யாரும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று ஒருவர் சொல்லும்போது உள்ளுக்குள் மணி அடிக்கும். 2015 டிசம்பரில் முஸ்லிம்களுக்குத் தடை என்று டிரம்ப் சொன்ன மறுநாளே, மதச் சுதந்திரத்தைப் பற்றி ஸ்மித் சொன்னதை எடுத்துப்போட்டுச் சபை அறிக்கை வெளியிட்டது.

மேலே சொன்ன ஊழியம் இங்கே வருகிறது. பிரேசிலிலோ குவாத்தமாலாவிலோ இரண்டு ஆண்டு வீடு வீடாகப் போய், அந்த மொழி பேசி, அவர்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் குடியேறிகளைப் பற்றிப் பேசும் தொனி வேறாக இருப்பதில் வியப்பில்லை. பிறகு கட்சிப் பாசம் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும்: 2020-இல் யூட்டாவில் டிரம்ப்புக்கு 58 விழுக்காடு.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சபை சொல்லுமா?

வேட்பாளரைச் சொல்லாது. கட்சி சார்பு இல்லை என்ற கடிதம் தேர்தலுக்கு முன் சபைகளில் வாசிக்கப்படும். ஒரே கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள் என்று 2023 கடிதம் வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் ‘ஒழுக்கப் பிரச்சினை’ என்று தலைமை முத்திரை குத்தினால் கதை வேறு. 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்துக்கு எதிரான எட்டாம் முன்மொழிவுக்குப் பணமும் நேரமும் கொடுங்கள் என்று கேட்டார்கள். சபையார் அள்ளிக் கொடுத்தார்கள், முன்மொழிவு 52 விழுக்காட்டில் வென்றது. அந்தப் பகை நெடுநாள் நின்றது. 2022-இல் அதே சபை, மதச் சுதந்திரத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லி, ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்கும் மத்தியச் சட்டத்தை ஆதரித்தது. தன் கோட்பாட்டை மாற்றாமலேயே.

கருக்கலைப்பிலும் இப்படி ஓர் இடைவெளி. பொதுவாகக் கூடாது, ஆனால் பாலியல் வன்முறை, முறைகேடான உறவு, தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரும் ஆபத்து, பிழைக்கவே வாய்ப்பில்லாத சிசு என்றால் விதிவிலக்கு உண்டு. முழுத்தடை கேட்கும் கத்தோலிக்க, இவாஞ்சலிக்கல் தலைவர்களோடு இதில் ஒத்துப்போவதில்லை.

அமெரிக்க அரசியல் சட்டம் தேவன் தந்தது என்று நம்புகிறார்களா?

தேவ ஏவுதலால் வந்தது என்று அவர்கள் வேதநூலிலேயே இருக்கிறது. இதை வெறும் தேசபக்தி அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2022 ஜூன் ஒரு பாடம். அப்போதைய அரிசோனா கீழவைச் சபாநாயகர் ரஸ்டி பவர்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர். 2020-இல் மாநில முடிவை மாற்ற உதவுங்கள் என்று டிரம்ப் தரப்பிலிருந்து கேட்டபோது மறுத்தார். நாடாளுமன்றக் குழு முன்னால் அதைச் சொல்லும்போது, அரசியல் சட்டம் தேவ ஏவுதலால் வந்தது என்பது என் விசுவாசம், அதை மீறிச் செய்யமுடியாது என்றார். அந்த ஆகஸ்டில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றுப்போனார். 2020 பிப்ரவரியில் பதவிநீக்க விசாரணையில் டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த, அப்போது யூட்டா செனட்டரான ராம்னியும் தேவன் முன்னால் எடுத்த சத்தியத்தைத்தான் காரணம் சொன்னார். சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி வாக்களித்த முதல் செனட்டர் அவர். அதற்காக எல்லா மார்மனும் இப்படி என்று முடிவு கட்ட வேண்டாம். அப்போது யூட்டாவின் இன்னொரு செனட்டரான மைக் லீ அதே சபை, அதே அரசியல் சட்டப் பக்தி, வாக்கு எதிர்ப்பக்கம்.

மார்மன்களில் டெமாக்ரட்டுகளே இல்லையா?

உண்டு, சிறுபான்மை. நெவாடாவின் ஹாரி ரீட், 2007 முதல் 2015 வரை செனட்டில் பெரும்பான்மைத் தலைவர். இளம்வயதில் மனைவியோடு சேர்ந்து மதம் மாறியவர். தான் மார்மனாக இருப்பதால்தான் டெமாக்ரட் என்று சொல்லிவந்தார்.

அவருக்கெல்லாம் முன்னோடி மார்த்தா ஹியூஸ் கேனன். மருத்துவர், பலதார மணம் செய்த ஆங்கஸ் கேனனின் நான்காவது மனைவி. 1896-இல் யூட்டா மாநிலச் செனட்டுக்கு டெமாக்ரட்டாக நின்றார். குடியரசுக் கட்சிப் பட்டியலில் அவர் கணவர். மார்த்தா ஜெயித்தார், கணவர் தோற்றார். அமெரிக்காவிலேயே மாநிலச் செனட்டுக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான்.